மார்ஃபினும் ஒரு செடியின் பால்தான்

புற்றுநோய் வலியைப் பற்றித் தமிழ்நாட்டில் இன்று பரவலாக வழங்கும் கருத்து இரண்டு கூறுகளால் ஆனது. மூலிகை மருந்துக்குப் பக்கவிளைவு கிடையாது, ஆகவே மருத்துவமனைச் சிகிச்சையோடு அதையும் சேர்த்து உட்கொள்வதால் கெடுதல் ஒன்றும் வந்துவிடாது என்பது முதலாவது. மார்ஃபின் சாகப்போகிறவருக்குக் கொடுக்கும் கடைசி மருந்து, அது ஆளை அடிமையாக்கிவிடும், ஆகவே இயன்றவரை அதைத் தள்ளிப்போட்டுவிட்டு அதுவரை நாட்டு மருந்தால் வலியைச் சமாளிப்பதே நல்லது என்பது இரண்டாவது. தனித்தனியாகத் தோன்றும் இவ்விரண்டும், செடியிலிருந்து வருவது சாதுவானது, ஆலையிலிருந்து வருவது கொடியது என்னும் ஒரே பாகுபாட்டிலிருந்து பிறந்து, ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. மறுக்கப்பட வேண்டியது அந்தப் பாகுபாடே. மூலிகை பயனற்றது என்று நிறுவுவது இங்கே நோக்கமன்று. மூலிகைக்கு உண்மையான வல்லமை உண்டு என்பதையும், வல்லமை உள்ள எந்தப் பொருளும் அளவும் வேளையும் சேர்மானமும் அறியப்படாமல் நோயுற்ற உடம்புக்குள் போனால் தீங்கு செய்யவும் வல்லது என்பதையும் ஒருங்கே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம்.

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறும்போது வடியும் பால் உறைந்து கிடைப்பதே அபின். ஜெர்மனியின் பாடர்போர்ன் நகரில் மருந்துக்கடை உதவியாளராக இருந்த ஃபிரீட்ரிக் சர்ட்டுர்னர் 1805 வாக்கில் அந்த அபினிலிருந்து பிரித்தெடுத்த கூறுதான் மார்ஃபின். வலியைத் தணிக்கும் ஆற்றல் அபினில் முன்பே இருந்தது. பிரித்தெடுத்ததால் கூடுதலாகக் கிடைத்தது அளவு. ஒரு வயலின் அபினுக்கும் மற்றொரு வயலின் அபினுக்கும் வீரியம் வேறுபடும் என்பதால், ஒரே எடை உருண்டை ஒருவருக்கு வலியைத் தணிக்காமலும் இன்னொருவருக்கு மூச்சை அடக்கியும் விடக்கூடும். மில்லிகிராம் கணக்கில் நிறுத்துத் தரப்படும் மார்ஃபினில் அந்த ஐயம் இல்லை. புற்றுக்கட்டியைத் தாக்கும் மருந்துகளிலும் இதே வரலாறு தொடர்கிறது. வேலியோரத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் வந்தன. பசிபிக் கரையோர யூ மரத்தின் பட்டையிலிருந்து பாக்ளிடாக்ஸெல் வந்தது. ரசாயனம் என்று அஞ்சி விலக்கப்படும் கீமோ மருந்துகளில் கணிசமானவை இப்படிச் செடிவழி வந்தவை. அப்படி வந்ததனால் அவை சாதுவாகிவிடவுமில்லை. வின்கிரிஸ்டினும் பாக்ளிடாக்ஸெலும் நரம்பு நுனிகளைச் சிதைத்துக் கைகால்களில் மரப்பையும் எரிச்சலையும் தருபவை என்பதால், புற்றுநோயாளர் படும் வலிகளுள் ஒரு பகுதி மூலிகையின் கூறு தந்த வலியாகவே இருக்கிறது.

பக்கவிளைவு இல்லை என்னும் முழக்கத்தைச் சித்த மருத்துவத்தின் பெயரால் எழுப்புகிறவர்கள் அந்த மருத்துவத்துக்கே நீதி செய்வதில்லை. சித்த மருத்துவ நூல்கள் மருந்துச் சரக்குகளைச் சாதுப் பொருள்களாகக் கருதியிருந்தால், ஒவ்வொரு சரக்குக்கும் சுத்தி முறை வகுத்திருக்கத் தேவையில்லை. சுத்தி என்பது சரக்கிலுள்ள நச்சுத்தன்மையைக் குறைப்பதற்காக அதை ஊறவைத்தும் வேகவைத்தும் அரைத்தும் பக்குவப்படுத்தும் முறை. நச்சுச் சரக்குகளான பாடாணங்கள் 64 என்று எண்ணி வகைப்படுத்திய மரபு அது. மருந்துண்ணும் காலத்தில் எதை உண்ணலாம், எதை நீக்க வேண்டும் என்று கூறும் பத்தியமும், மருந்தைத் தேனோடு கொடுப்பதா, நெய்யோடு கொடுப்பதா, வெந்நீரோடு கொடுப்பதா என்று விதிக்கும் அனுபானமும், உடம்புக்குள் ஒரு பொருள் இன்னொரு பொருளின் செயலை மாற்றிவிடும் என்ற அறிவின்மேல் எழுந்தவை. வலிக்கென்று அம்மரபு கையாண்ட சரக்குகளைப் பார்த்தாலே இது விளங்கும்: வச்சநாபி இதயத் துடிப்பைக் குலைக்கவல்ல நஞ்சு; எட்டிக்கொட்டை வலிப்பை உண்டாக்கவல்ல நஞ்சு; புற்றுக்கும் வாதத்துக்கும் பேசப்படும் சேராங்கொட்டையின் பால் பட்ட இடம் கொப்புளிக்கும். அபினும் அம்மரபுக்கு அந்நியமானதன்று. இவற்றைக் கையாளக் குருவிடம் ஆண்டுக்கணக்கில் பயில வேண்டும் என்று வற்புறுத்திய ஒரு மருத்துவத்தை, யாரும் எதையும் எதனோடும் சேர்த்து விழுங்கலாம் என்ற நிலைக்கு இறக்கிவிட்டது விற்பனை விளம்பரமே அன்றிச் சித்தர் மரபன்று.

சேர்த்து உண்பதால் கெடுதல் இல்லை என்ற வாதம் கல்லீரலைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வாய்வழி போகும் பொருள்கள் குடலையும் கல்லீரலையும் கடந்தே உடம்பெங்கும் பரவுகின்றன. அங்கே அவற்றை உடைத்து வெளியேற்றும் நொதிகள், அதாவது வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதங்கள், எண்ணிக்கையில் குறைவானவை என்பதால், ஒரே நொதியைப் பல மருந்துகள் நம்பியிருக்கின்றன. ஒரு மூலிகை அந்த நொதியைத் தூண்டினால் உடன் கொடுக்கப்பட்ட மருந்து விரைவில் அழிந்து பயனற்றுப்போகும். அதை முடக்கினால் மருந்து தேங்கி நஞ்சாகும். மேலை நாடுகளில் மனச்சோர்வுக்காகக் கடையில் வாங்கி உண்ணப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகை இதற்கு நன்கு ஆராயப்பட்ட சான்று. நெதர்லாந்தில் நடந்து 2002இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், அம்மூலிகையை உடன் உண்டபோது, பெருங்குடல் புற்றுக்குத் தரப்படும் இரினோடெகான் உடம்பில் பெறும் செயல்வடிவத்தின் அளவு இரத்தத்தில் 42 விழுக்காடு குறைந்தது. பின்னர் 2010இல் வெளியான பின்லாந்து ஆய்வில் ஆக்ஸிகோடோன் என்ற வலிமருந்தின் அளவு ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. அத்தகைய நோயாளி மாத்திரையைத் தவறாமல் விழுங்கியும் வலியில் துடிப்பார். மருந்து வேலை செய்யவில்லை என்ற பழி மாத்திரையின்மேல் விழும்.

அது அயல்நாட்டு மூலிகை, நம் அடுக்களைச் சரக்குக்கு இது பொருந்தாது என்று சொல்வதற்கும் இடமில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகு எண்ணற்ற சூரணங்களிலும் லேகியங்களிலும் இடம்பெறுவது. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்ற கூறு, மஞ்சளின் குர்குமின் இரத்தத்தில் ஏறும் அளவை ஏறத்தாழ 20 மடங்காக்கியது என்பதைப் பெங்களூரு ஆய்வாளர்கள் 1998இல் காட்டினார்கள். இந்தியாவிலேயே 2009இல் சந்தைக்கு வந்த காசநோய் மாத்திரை ஒன்றில், 10 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்து ரிஃபாம்பிசினின் அளவை 450 மில்லிகிராமிலிருந்து 200 ஆகக் குறைத்திருந்தார்கள். மிளகின் வல்லமையை இவ்வளவு துல்லியமாகப் பயன்படுத்த முடிகிறதென்றால், அதே வல்லமை அளவு அச்சிடப்படாத ஒரு பொட்டலத்தின் வழியாகக் கீமோ மருந்தோடும் வலிமருந்தோடும் சேரும்போது மட்டும் செயலற்றிருக்கும் என்று எண்ணுவது பொருந்தாது. பைப்பரின் ஆய்வகத்தில் முடக்குவதாகக் காணப்பட்ட நொதியே, தோலில் ஒட்டப்படும் ஃபென்டானில் பேட்ச் வழியாக உடம்பில் சேரும் வலிமருந்தையும் உடைப்பது. ரசத்தில் போடும் மிளகுக்கு இங்கே தடையேதும் சொல்லப்படவில்லை. உணவின் அளவு வேறு, செறிவாக்கிக் குப்பியில் அடைத்து வேளைக்கு இரண்டென்று விழுங்கும் அளவு வேறு. சீந்திலும் அமுக்கராவும் மஞ்சள் செறிவு மாத்திரைகளும் சிலருடைய கல்லீரலை அழற்சியுறச் செய்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அத்தகையோர் உண்டோரில் மிகச் சிலரே. எனினும் கீமோ நடக்கும்போது கல்லீரல் அழன்றால் அடுத்த சுற்று தள்ளிப்போகும் என்பதும், தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் கட்டிக்குக் கிடைக்கும் அவகாசம் என்பதும் புற்றுநோயாளரை மற்றவரிடமிருந்து வேறுபடுத்துகின்றன.

சிறுநீரகத்தின் கதை வலியோடு இன்னும் நெருங்கிய தொடர்புடையது. மார்ஃபினைக் கல்லீரல் மாற்றியமைக்கிறது. மாற்றத்தில் உருவாகும் பொருள்களுள் ஒன்று மார்ஃபினைப் போலவே, சில வகையில் அதைவிட வலுவாகவும், செயல்படுவது. அதை வெளியேற்றுவது சிறுநீரகம். சிறுநீரகம் தளர்ந்தால் அப்பொருள் நாள்தோறும் தேங்கி, முன்பு வலியை மட்டும் தணித்த அதே அளவு மார்ஃபின் இப்போது தீராத உறக்கத்தையும் குழப்பத்தையும் கைகால் துடிப்பையும் தருவதோடு மூச்சையும் மெதுவாக்கும். இந்த நிலையில் பாதரசமோ ஈயமோ கலந்த மருந்து சிறுநீரகத்தைத் தாக்குமானால், வீட்டார் காண்பது மார்ஃபின் கொடுத்ததும் ஆள் மயங்கிவிட்டார் என்ற காட்சியை மட்டுமே. பற்பங்களிலும் செந்தூரங்களிலும் மெழுகுகளிலும் பல உலோகச் சரக்குகளால் செய்யப்படுபவை என்பதைச் சித்த மருத்துவர் அறிவார். வாங்கி உண்பவர் பெரும்பாலும் அறியார். புற்றுக்கு வழங்கப்படும் இரசகந்தி மெழுகின் பெயரிலேயே இரசமும் கந்தகமும் இருந்தும், அதை உண்பவர் தாம் உண்பது மூலிகை என்றே நம்புகிறார். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்ததை 2004இல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

உலோகம் கலவாத தூய செடியே போதும் என்போர்க்கு ஆடுதீண்டாப்பாளை விடை சொல்லும். அதுவும் அதன் இனமான ஈசுவரமூலியும் அரிஸ்டோலோகிக் அமிலம் கொண்டவை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்க மூலிகைக் கலவை உண்ட பெண்களில் நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அதே அமிலம் கொண்ட வேறொரு செடி தவறுதலாகக் கலந்ததே காரணம். பின்னாளில் அவர்களுள் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றும் தோன்றியது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்த முதல் பிரிவில் இன்று அந்த அமிலம் இருக்கிறது. வேரும் இலையும் உலர்த்திப் பொடித்தபின் ஒரு செடியை மற்றொன்றிலிருந்து கண்ணால் பிரித்தறிவது பயிற்சி பெற்றவருக்கே கடினம் என்னும்போது, நாட்டு மருந்துக் கடைப் பொட்டலத்தின்மேல் எழுதியிருக்கும் பெயரை நம்புவது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூலிகை உண்டதும் வலி குறைந்தது என்ற பட்டறிவுச் சான்றும் எளிதில் ஏற்கத்தக்கதன்று. எட்டு மூலிகைகள் சேர்ந்த பி.சி. ஸ்பெஸ் என்ற மருந்து 1990களில் அமெரிக்காவில் விந்துச்சுரப்பிப் புற்றுக்காக விற்கப்பட்டது. உண்டவர்களுக்குப் பயன் கண்கூடாகத் தெரிந்ததால் மருத்துவர்களே அதன்மேல் மதிப்பு வைத்தார்கள். சோதித்தபோது அதில் செயற்கைப் பெண் ஹார்மோனும், இண்டோமெதாசின் என்ற வலிநிவாரணியும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினும் கலந்திருந்தது தெரியவந்து, 2002இல் அது திரும்பப் பெறப்பட்டது. மூட்டுவலிக்கென நம்மூரில் விற்கப்படும் பெயரற்ற மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலப்படம் மருத்துவர்களுக்குப் பழகிய செய்தி. ஒரு வேளை மருந்திலேயே வலி பறந்துவிட்டது என்று கொண்டாடப்படும் மூலிகையின்மேல்தான் முதல் ஐயம் எழ வேண்டும். கீமோவால் தட்டணுக்கள், அதாவது இரத்தம் உறைய உதவும் அணுக்கள், குறைந்திருக்கும் வாரத்தில் வலிநிவாரணியும் வார்ஃபரினும் அறியாமல் உடம்பில் சேர்ந்தால் உட்கசிவு உயிருக்கே உலையாகும்.

இவையனைத்தையும்விடப் பெரிய தீங்கு, வலியை வலியாக மட்டுமே பார்த்து அதற்கு மருந்து தேடுவதில் இருக்கிறது. மார்பகம், நுரையீரல், விந்துச்சுரப்பி ஆகியவற்றின் புற்று எலும்புக்குப் பரவும் இயல்புடையது. முதுகெலும்பில் அது வளரும்போது முதலில் தோன்றுவது வெறும் முதுகுவலி. படுத்தால் கூடுவதும், இருமினாலும் முக்கினாலும் சுரீரென்று பாய்வதும், நாளுக்கு நாள் ஏறுவதும் அவ்வலியின் குணங்கள். வீட்டில் தைலம் காய்ச்சித் தடவி, நொச்சி ஒத்தடம் கொடுத்து, நீவிவிடும் கைராசிக்காரரையும் அழைத்து ஒரு வாரம் போகிறது. அதற்குள் மாடிப்படி ஏறும்போது கால் தளர்கிறது. பிறகு சிறுநீர் இறங்க மறுக்கிறது. தண்டுவடம் நசுங்கும் அவசர நிலை அது. நடக்க முடிகிறபோதே ஸ்டீராய்டு ஊசியும் கதிர்வீச்சோ அறுவையோ கிடைத்தவர் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார். கால் முற்றிலும் விழுந்தபின் வந்தவர் பெரும்பாலும் எழுவதில்லை. எடுக்கும் முடிவுகள் நாள் கணக்கில் அல்லாது மணிக் கணக்கில் அளக்கப்படும் அந்த இடத்தில், தைலம் விஷமா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை; தைலம் தின்றுவிட்ட நாள்களே அங்கே நஞ்சு. புற்று அரித்த எலும்பை அழுத்தி நீவினால் அது முறியவும் கூடும். பரவிய எலும்பு வலிக்கு 8 கிரே அளவில் ஒரே ஒரு முறை தரப்படும் கதிர்வீச்சு, பல நாள் தரப்படும் கதிர்வீச்சுக்கு நிகராக வலியைத் தணிக்கிறது என்பது நன்கு நிறுவப்பட்டிருக்கும்போது, ஒரு நாள் வேலையை மாதக்கணக்கான தைலத்துக்கு விட்டுக்கொடுப்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

சேர்த்துத்தானே உண்கிறோம், மருத்துவமனையை விட்டுவிடவில்லையே என்ற மறுமொழிக்கும் தரவு இருக்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டைக் கொண்டு 2018இல் வெளியான ஆய்வொன்று, மருத்துவமனைச் சிகிச்சையில் ஒன்றையேனும் பெற்று, கூடவே நிறுவப்படாத துணை மருத்துவத்தையும் மேற்கொண்ட 258 பேரை, அவர்களை ஒத்த 1,032 பேரோடு ஒப்பிட்டது. துணை மருத்துவம் மேற்கொண்டவர்களின் இறப்பு அபாயம் இரு மடங்காக இருந்தது. அதற்கான காரணத்தைக் கவனித்து நோக்குவது நேர்மை: மருத்துவமனைச் சிகிச்சையின் ஒரு பகுதியை அவர்கள் மறுத்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அவர்களில் 34 விழுக்காட்டினர் கீமோவையும் 53 விழுக்காட்டினர் கதிர்வீச்சையும் மறுத்திருந்தார்கள். மற்ற தொகுதியில் அந்த மறுப்பு 3 விழுக்காட்டளவே. ஆகவே அங்கே உயிரைக் குறைத்தது துணை மருந்தின் நஞ்சென்று சொல்வதற்கில்லை. ஒன்று கையில் இருக்கிறதே என்ற தைரியத்தில் மற்றொன்றைக் கைவிடும் மனநிலையே குறைத்தது, சேர்த்து என்று தொடங்கியது பதிலாக என்று முடிந்தது என்பதையே எண்கள் காட்டுகின்றன.

இனி மூலிகை வலியைத் தணிக்கிறதா என்பதற்கான நேரடிச் சான்றுக்கு வரலாம். மஞ்சளின் குர்குமினைப் பற்றி நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், அது ஒரு நோய்க்கு மருந்தென்று ஐயமற நிறுவிய கண்டிப்பான சோதனை ஒன்றும் இல்லை என்று 2017இல் வேதியியலாளர்கள் தொகுத்துக் காட்டினார்கள். மருத்துவக் கஞ்சா பற்றிய எதிர்பார்ப்பு இன்னும் பெரியது; ஆயினும் ஓபியாய்டுகளுக்கு, அதாவது மார்ஃபின் வகை மருந்துகளுக்கு, கட்டுப்படாத புற்றுநோய் வலியை வாயில் தெளிக்கும் கஞ்சாச் சாறு தணிக்கவில்லை என்பதே 2023இல் காக்ரேன் குழுவினர் சான்றுகளைத் திரட்டிக் கண்ட முடிவு.

மூலிகைமேல் உள்ள அளவுகடந்த நம்பிக்கை மார்ஃபின்மேல் உள்ள அளவுகடந்த அச்சத்தின் மறுபக்கம். உலகச் சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிகாட்டி, புற்றுநோய் வலிக்கான மருந்தை ஊசியாக அன்றி வாய்வழியாகவும், வலித்தபோது அன்றிக் கடிகாரக் கணக்காகவும் கொடுக்கச் சொன்னது. குறைந்த அளவு மார்ஃபினை 4 மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுத்து, இடையில் வலி பீறிட்டால் கூடுதலாக ஒரு வேளை கொடுத்து, ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு தேவைப்பட்டது என்று கூட்டி, மறுநாள் அளவை அதற்கேற்ப அமைப்பதே முறை. கட்டி வளர்ந்தால் அளவு ஏறும், கதிர்வீச்சால் வலி குறைந்தால் அளவு இறங்கும். திடீரென நிறுத்தினால் உடம்பு தவிக்கும் என்பது பழக்கப்பட்ட உடம்பின் இயல்பு, அதுவே அடிமைத்தனமாகிவிடாது. அடிமைத்தனம் என்பது தீங்கு தெரிந்தும் மருந்தை நாடி அலையும் கட்டுக்கடங்காத வேட்கை; வலிக்காக அளந்து கொடுக்கப்படும் புற்றுநோயாளரிடம் அது அரிது. முறையாகக் கொடுக்கப்படும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதுமில்லை. மாறாக, இரவு முழுவதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் படுத்து உறங்குகிறார், கஞ்சி குடிக்கிறார், அடுத்த கீமோவைத் தாங்கும் தெம்பு பெறுகிறார். கடைசி மருந்து என்று தள்ளிப்போட்டு, கடைசி வாரத்தில் அது கொடுக்கப்படும்போது, மருந்து கொடுத்ததும் இறந்தார் என்ற வதந்திக்கு வீட்டாரே சாட்சியாகிவிடுகிறார்கள். அந்த வதந்தி அடுத்த வீட்டு நோயாளியின் மார்ஃபினையும் தள்ளிப்போடுகிறது.

இந்த அச்சத்துக்குச் சட்டமும் துணைபோயிருக்கிறது. 1985இன் போதைப்பொருள் சட்டம் மருந்துக்கான மார்ஃபினையும் உரிமங்களின் அடுக்குக்குள் சிக்கவைத்தது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டபின்பும், மார்ஃபினைக் கையிருப்பில் வைக்கும் மருத்துவமனைகள் தேவைக்கு எட்டவில்லை. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் விளைகிறது, நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசு ஆலைகள் அதைப் பக்குவப்படுத்துகின்றன. அப்படியிருந்தும் வலிதணிக்கத் தேவைப்படும் ஓபியாய்டில் ஏறத்தாழ 4 விழுக்காடே இந்திய நோயாளியை எட்டுகிறது என்று 2017இல் லான்செட் ஆணையம் கணக்கிட்டது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம், அக்கம்பக்கத்துத் தன்னார்வலரும் செவிலியரும் வீடுதேடிப் போய் மார்ஃபின் மாத்திரையைக் கொடுப்பது நடக்கக்கூடியதே என்று காட்டி, 2008இல் கேரள அரசின் கொள்கையாகவும் ஆனது. மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டம் 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கியபோது நோய்த்தணிப்புப் பராமரிப்பும் அதில் இடம்பெற்றது. வலியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் ஆற்றலைச் செலவிட வேண்டிய களம் இதுவே: தம் ஊர் மருத்துவமனையில் மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்பது.

அப்படியானால் மூலிகைக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. சொல்லப்போனால் மார்ஃபினுக்குப் பக்கத்திலேயே உண்டு. மார்ஃபின் குடலின் அசைவை அடக்குவதால் மலச்சிக்கல் ஏறத்தாழ எல்லார்க்கும் வரும். வாந்தியும் உறக்கமும் சில நாளில் பழகிவிட, மலச்சிக்கல் மட்டும் மருந்து தொடரும்வரை தொடரும். அதைக் கவனிக்காமல் விட்டால் வயிறு உப்பி, உண்ண முடியாமல், நோயாளி மார்ஃபினையே நிறுத்திவிடுகிறார். இதைத் தடுக்க முதல் நாளிலிருந்தே உடன் கொடுக்கப்படும் மருந்துகளுள் ஒன்று நிலவாகை. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரி நிலத்தில் விளைந்து திருநெல்வேலி சென்னா என்ற பெயரால் உலகச் சந்தைக்குப் போகும் அந்த இலை, சித்த மருத்துவத்தில் நிலவாகைச் சூரணமாகவும், உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் சென்னாவாகவும் இடம்பெற்றிருக்கிறது. அதன் செயற்கூறான சென்னோசைடைப் பெருங்குடலின் நுண்ணுயிர்கள் உடைத்தபின்பே அது வேலை செய்கிறது என்பதால், இரவில் உண்டதன் பயன் காலையில் கிடைக்கும். எந்தக் கூறு, எவ்வளவு, எத்தனை மணியில், எந்த நிலையில் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் தெரிந்திருப்பதே, குடல் அடைபட்டிருக்கும்போது அதைத் தவிர்க்க வேண்டும் என்பது உட்பட, அதற்கு அந்த இடத்தைப் பெற்றுத்தந்தது. கீமோ தரும் குமட்டலுக்கு இஞ்சியும் இதே வழியில் ஓரளவு இடம் பெற்றுள்ளது. 576 நோயாளிகளிடம் நடந்து 2012இல் வெளியான சோதனையில், வாந்தித் தடுப்பு மருந்தோடு சேர்த்து நாளொன்றுக்கு அரை முதல் ஒரு கிராம் வரை கொடுத்தபோது முதல் நாள் குமட்டல் குறைந்தது.

மருத்துவமனைகளின் பங்கும் இந்தக் குழப்பத்தில் சிறிதன்று. நாட்டு மருந்தா, அதெல்லாம் கூடவே கூடாது என்று ஒரே சொல்லில் அதட்டும் மருத்துவர், நோயாளி அதை நிறுத்தும்படி செய்வதில்லை, மறைக்கும்படியே செய்கிறார். மறைக்கப்பட்ட லேகியம், சொல்லப்பட்ட லேகியத்தைவிட ஆபத்தானது. கல்லீரல் நொதி ஏறியிருக்கும் இரத்த அறிக்கையைப் பார்த்து மருத்துவர் கீமோவைக் குறைப்பார். உண்மைக் காரணம் தலையணைக்கு அடியில் இருக்கும். நோயாளியின் நிலைக்கேற்ப இந்தக் கண்டிப்பு தளரவும் வேண்டும். கீமோவும் அறுவையும் முடிந்துபோய், வாரங்களே எஞ்சியிருக்கும் ஒருவருக்கு, மார்ஃபின் தடையின்றி நடந்துகொண்டிருக்க, அவருடைய மனைவி காய்ச்சித் தரும் கசாயத்தையோ காலில் தேய்க்கும் எண்ணெயையோ பிடுங்கிக்கொள்வதற்கு மருத்துவம் எந்த நியாயமும் காட்ட முடியாது. தீங்கற்றதா என்று மட்டும் பார்த்து, அந்தத் தொடுகையை அனுமதிப்பதே அப்போது மருத்துவம்.

இதுவரை சொன்னவற்றிலிருந்து சித்த மருத்துவத் துறையை நோக்கியும் ஒரு கோரிக்கை எழுகிறது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அடையாற்றில் 1954 முதல் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு மணி நேரப் பயணம். புற்றுநோயாளர் பெரிதும் உண்ணும் சூரணங்களையும் மெழுகுகளையும் எடுத்துக்கொண்டு, எதில் என்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது, எது எந்த நொதியை முடக்குகிறது, எதைக் கீமோவுக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எந்த அளவைத் தாண்டினால் எதைக் கொடுக்கவே கூடாது என்று அளந்து, கடைக்காரர் முதல் கிராமச் செவிலியர்வரை கையில் வைத்துக்கொள்ளும்படி தமிழில் ஒரு கையேட்டை இத்தகைய நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட வேண்டும். பத்தியமும் அனுபானமும் வகுத்த மரபு தன் மருந்துகளுக்குப் பக்கத்தில் இன்று புதிதாக வந்து சேர்ந்திருக்கும் இரினோடெகானுக்கும் ஃபென்டானிலுக்கும் பத்தியம் வகுக்க மறுப்பதற்கு அதன் நூல்களில் ஆதாரம் எதுவுமில்லை. அந்தக் கையேடு வரும்வரை, புற்றுநோயாளர் உண்ணும் மூலிகை எதுவாயினும் அதன் பெயரும் அளவும் தொடங்கிய நாளும், மார்ஃபினும் கீமோவும் எழுதப்பட்டிருக்கும் அதே மருத்துவக் குறிப்பேட்டில், இருதரப்பு மருத்துவரும் பார்க்கும்படி எழுதப்பட்டாக வேண்டும்.